வாய்பொளந்தான்

செப்டம்பர் 11

கோட்டைத்துறை வந்து சேர்ந்தேன். கடலூருக்குத் தெற்கே, ஆறு கடலில் சேர்வதற்கு முன் கழியாக அகன்று கிடக்கிற ஊர். பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ், மாடி அறை. குழாயில் உப்புத் தண்ணீர். துவைத்துப் போட்ட சட்டை காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்கிறது. மாத்திரைகள் போட்டுக்கொண்டேன். சுகந்தி போனில் கேட்பாள்.

காக்கிநாடாவில் ஒன்று இருக்கிறது என்றார்கள். போன வருஷம்தான் வெட்டி இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் தென்னந்தோப்புக்குள் கிடந்தது வெறும் மணல் தோணி. எண்ணூரில் சகதிக்கு மேலே விலா எலும்பு மாதிரி நாலைந்து இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான்.

நான் தேடுவது பெரிய கப்பல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா கரைக்குப் படைகளைக் கொண்டுபோக வைத்திருந்த சின்னப் படகுகள். முன்பக்கம் கதவு மாதிரி திறந்து கரையில் விழும். அதன்மேல் சிப்பாய்களும் ஜீப்பும் இறங்கும். போர் முடிந்ததும் ஏலம் போட்டுவிட்டார்கள். யார் எடுத்தார்கள், என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேப்டன் தேவசகாயத்துக்கு அதில் ஒன்றாவது வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சொந்தச் செலவில் கடல் அருங்காட்சியகம் கட்டுகிறார். அவருடைய அப்பா அப்படி ஒரு படகில் என்ஜின் பார்த்தவர். பர்மாவின் அரக்கான் கரைக்குப் போனவர் திரும்பவில்லை. கேப்டன் அப்போது கைக்குழந்தை.

நான் ஷார்ஜாவில் கப்பல் பட்டறையில் இருந்தவன். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. "பிடிக்கலைன்னா வந்துடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்கிறாள் சுகந்தி. அதனால்தான் வர முடியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

செப்டம்பர் 12

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 14

மீன் ஏலம் விடும் இடத்தில் ஜபருல்லா பாயைப் பார்த்தேன். சொந்தமாக இரண்டு என்ஜின் படகு வைத்திருக்கிறார். என் போனில் இருந்த பழைய படத்தைக் காட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"முன்னாடி தொறந்து கீழ விழுமா சார்?"

"ஆமா பாய்."

"அப்ப இது நம்ம வாய்பொளந்தான். எங்க அத்தா காலத்துல மணல் ஏத்துவாங்க. அப்புறம் சேத்துல கெடந்துச்சு. சுனாமி அன்னிக்கு அலை தூக்கிட்டுப் போயி நரித்திட்டு மேல ஒக்கார வெச்சுட்டுது."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா இப்ப அது போட்டு இல்ல சார். வீடு."

நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டர் சொன்ன மாதிரி மெதுவாக மூச்சு விட்டேன்.

செப்டம்பர் 15

கிடைத்துவிட்டது.

பாயின் படகில் போனோம். அலையாத்திச் சுரபுன்னைக் காட்டைத் தாண்டி ஒரு வளைவு. அதற்கப்பால் திட்டு. மேட்டில் அது உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் தார். மேலே நீலத் தார்ப்பாயும் கீற்றும். பின்னால் சுக்கான் பிடிப்பவர் நிற்கும் இரும்புப் பெட்டி அப்படியே இருக்கிறது. அதில் கோழி அடைத்திருக்கிறார்கள். முன்கதவு தரையில் விழுந்து கிடந்தது. அதன்மேல் கோலம்.

எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ துப்பாக்கியோடு ஓடி இறங்கிய பலகையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய், "சார், ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்றார்.

கழியில் ஒரு பெண் மார்பளவுத் தண்ணீரில் நின்று, அடியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில், பிடித்ததைப் போட ஓலைப் பறி. எங்களைப் பார்த்ததும் கரையேறி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் கன்னியம்மா. இருளர் குடும்பம். என் கையில் இருந்த அளவு நாடாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"பட்டாவுக்கு அளக்க வந்தீங்களா சார்?"

அளக்க வந்திருக்கிறேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"சடையா, எழுந்து ஒக்காரு, சார் வந்துக்கிறாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். அவள் புருஷன் சடையன் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். கருங்கல் குவாரியில் வேலை பார்த்து நுரையீரல் போனவர். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை இருமுகிறார். மகள் செண்பகம் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள்தான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

கன்னியம்மா பேசிக்கொண்டே நண்டு சுட்டாள். அலையில் அவர்கள் குடிசை போய்விட்டது. மூத்த பையனும் போய்விட்டான். தண்ணீர் வடிந்தபோது திட்டில் இது நின்றிருக்கிறது. "நனையாத எடம் இது ஒண்ணுதான் இருந்துச்சு சார். அன்னிக்கு ராத்திரி ஏறினோம். எறங்குன்னு யாரும் சொல்லல. இருந்துட்டோம்."

நண்டு நன்றாக இருந்தது. உப்பு சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 16

படங்களை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் கேப்டன் கூப்பிட்டார். முன்கதவு தெரிகிற படத்தை மறுபடி அனுப்பச் சொன்னார். பிறகு, "ஞானவேல், இது மாதிரி ஒண்ணுலதான் எங்க அப்பா நின்னிருப்பாரு, இல்ல?" என்றார். எண்பது வயது மனிதர் அழுவதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீங்கதான்யா மனுஷன். மூணு பேரை அனுப்பினேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

யாராவது என்னை இப்படிப் பாராட்டி ரொம்ப நாளாயிற்று.

"அதுல யாராவது இருக்காங்களா? தார்ப்பாய் தெரியுதே" என்று கேட்டார்.

தற்காலிகமாக ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது என்றேன்.

சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 23

மறுபடி திட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன். தாரைச் சுரண்டியதில் பின்பக்கம் ஆங்கில எழுத்தும் எண்ணும் கிடைத்தன. சந்தேகமே இல்லை, போர்க்காலத்துப் படகுதான். செண்பகம் டார்ச் பிடித்தாள். "இதுல துப்பாக்கி எல்லாம் இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். "யாரையாச்சும் சுட்டாங்களா?" தெரியாது என்றேன். "எங்களுக்குத் தெரியாமயே போட்டும்" என்று சிரித்தாள்.

அடித்தகடுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் மணி மாதிரி கேட்கிறது. அடியில் சத்தமே இல்லை, ஈரச் சாக்கைத் தட்டுவதுபோல் இருக்கிறது. துரு தின்றுவிட்டது. இதைத் தூக்குவதானால் முழு நீளத்துக்கும் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துச் சட்டத்தோடுதான் தூக்க வேண்டும். இதை அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும்போது கன்னியம்மா ஒரு பை நிறைய இறால் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். "எங்களுக்காக அலையுறீங்க, இதுகூட வாங்கலன்னா எப்படி" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். பாயிடம் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 2

சென்னை. கேப்டன் வீட்டில் விருந்து. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். "பாவம், ஏதாவது செய்யணும், கட்டாயம் செய்யணும்" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். தன் மேனேஜரைக் கூப்பிட்டு, "இதையும் பாத்துக்கோ" என்றார். மேனேஜர் தலையாட்டினார்.

வீட்டில் சுகந்தி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சுவரில் சாமி படம், தொங்கும் தட்டுகள், செண்பகத்தின் தாவணி காயும் கொடி.

"இவங்க எங்க போவாங்க?"

"வேற வீடு குடுப்பாங்க."

"யார் சொன்னா?"

தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 13

பாய் போன் செய்தார். திட்டுக்கு அதிகாரிகள் வந்து போனார்களாம். நாளைக்கும் வருகிறார்களாம். "நீங்க வந்தா நல்லாருக்கும் சார், கன்னியம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

அக்டோபர் 14

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் போனபோது கிராம நிர்வாக அலுவலர் முன்கதவின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையாரி நின்றுகொண்டிருந்தார். கன்னியம்மா ஓரமாகக் குத்துக்காலிட்டு இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இதோ, சாரே வந்துட்டாரு! சார் சொல்லுவாரு பாருங்க" என்று எழுந்தாள்.

அலுவலர் எழுந்து கைகொடுத்தார். "சார்தானா ஞானவேல்? உங்க ரிப்போர்ட் பாத்தேன் சார். பிரமாதம். இத்தனை வருஷமா இங்கதான் இருக்கேன், எனக்கே தெரியாது, இவ்ளோ பெரிய பொக்கிஷம்னு." பிறகு கன்னியம்மாவிடம் திரும்பினார். "சார்தான்மா இதைக் கண்டுபிடிச்சு எழுதினாரு. இது கவர்மென்ட் எடத்துல கெடக்குற சொத்து. மியூசியத்துக்குப் போவுது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணும். சொல்லிட்டேன்."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது. வீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், கேப்டன் சொல்லியிருக்கிறார், இப்படித்தான் ஏதோ ஆரம்பித்தேன். அலுவலர், "அது வேற டிபார்ட்மென்ட் சார், அடுத்த வருஷ லிஸ்ட்ல பாக்கலாம்" என்றார்.

அவள் திரும்ப உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு மூன்று இறாலின் தலையைக் கிள்ளினாள்.

"செண்பகம்," என்றாள், "சாருங்களுக்கு டீ வை."

குடித்தேன். குடிக்காமல் எழுந்து வர முடியவில்லை.

அக்டோபர் 16

தாலுகா அலுவலகம். அதிகாரி மீட்டிங்.

அக்டோபர் 17

மீட்டிங்.

அக்டோபர் 18

பார்த்தேன். மரியாதையாகப் பேசினார். "ஆக்கிரமிப்புக்கு மாற்று இடம் குடுக்க விதி இல்ல சார். இருளர் சமூகம்னு சர்ட்டிபிகேட் இருந்தா வேற வழியில முயற்சி பண்ணலாம்." சர்ட்டிபிகேட் இல்லை. அதற்கு என்ன வேண்டும் என்றேன். நிரந்தர முகவரி வேண்டும் என்றார்.

அக்டோபர் 20

கேப்டனிடம் கேட்டே விட்டேன். "சார், இதை விட்டுடலாமா? வேற ஒண்ணு தேடித் தர்றேன்."

"எனக்கு என்ன வயசுன்னு தெரியுமில்ல?" என்றார். அப்புறம், "சரி, நான் விட்டுடறேன்னு வெச்சுக்கோங்க. விஷயம் வெளிய வந்தாச்சு. பழைய இரும்புக்காரன் ஏற்கெனவே தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிறான். நான் விட்டா நாளைக்கே வெட்டிடுவான். அந்தக் குடும்பம் அப்பவும் வெளியதான் நிக்கும். படகாவது மிஞ்சட்டுமே?"

அவர் சொன்னதில் தவறு தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இரும்புக்காரரை நானே தாலுகா அலுவலக வாசலில் பார்த்தேன்.

அக்டோபர் 25

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்ததற்குச் சீட்டு வந்திருக்கிறது. பரிசீலனையில் உள்ளதாம்.

ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. மருந்துக்கடைப் பையன் ஊருக்குப் போகச் சொன்னான். சுகந்தியிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 28

ஊருக்குள் அவர்களுக்கு வாடகை வீடு தேடினோம், நானும் பாயும். நான் தருகிறேன் வாடகை என்றேன். வீடு காட்டும் வரைக்கும் எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். யாருக்கு என்று சொன்னதும் தண்ணி வசதி இல்லை, தம்பி குடும்பம் வருகிறது, அம்மாவைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் அம்மாவே வெளியே வந்து, "அவங்க எலி திங்கிறவங்கப்பா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாய் தன் மச்சானின் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் பழைய மரத்தூள் கொட்டகை ஒன்றைப் பேசி முடித்தார். "இப்போதைக்கு" என்றார். கேப்டனிடம் நான் 'தற்காலிகமாக' என்று சொன்னது ஞாபகம் வந்தது.

அக்டோபர் 31

கழி ஆழமில்லாத பக்கமாகத் திட்டுக்குச் செம்மண் கொட்டிப் பாதை போடுகிறார்கள், கிரேன் வருவதற்கு. சடையன் வாசலில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரோட்டத்தான் சார் சுனாமி வருசத்துலேருந்து கேட்டோம்" என்றார். கேலி இல்லை அவர் குரலில். இருமி முடித்துவிட்டு, "நல்லா கெட்டியாத்தான் போடுறானுவ" என்றார்.

நவம்பர் 1

காலி செய்தார்கள். எல்லாம் ஒரே நடையில் பாயின் படகில் ஏறிவிட்டது. சடையனை நாற்காலியோடு தூக்கினோம், நானும் பாயும் இன்னும் ஒருவரும். நான் கனம் தூக்கக் கூடாது. ஆனால் அவரிடம் கனமே இல்லை.

செண்பகம் கோழிகளைப் பிடிக்க அந்த இரும்புப் பெட்டிக்குள் ஏறினாள். ஒன்று அகப்படாமல் ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினவள் நின்றுவிட்டாள். அப்படியே நின்றாள். "விடும்மா, நான் புடிச்சுத் தர்றேன்" என்றேன். அவள் திரும்பவில்லை. "நீங்க ஒண்ணும் புடிச்சுத் தர வாணாம் சார்" என்றாள்.

கன்னியம்மா துடைப்பத்தை எடுத்து உள்ளே பெருக்கினாள். இனி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 7

கிரேன் வந்துவிட்டது. இரும்புச் சட்டம் வரவில்லை.

ஒப்பந்தக்காரர் இரண்டு பட்டை பெல்ட்டுகளைக் காட்டினார். "இது போதும் சார். இதைவிட டபுள் வெயிட் தூக்கியிருக்கோம்."

"வெயிட் பிரச்சினை இல்லைங்க. அடித்தகடு மக்கிப்போச்சு. ரெண்டு இடத்துல மட்டும் பிடிச்சா நடுவுல ஒடைஞ்சிடும். ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன், முதல் பக்கத்துல."

"எனக்கு ரிப்போர்ட் எல்லாம் குடுக்கல சார். ஆபீஸ்ல பேசிக்குங்க."

ஆபீஸில் பேசினேன். மேனேஜர் சொன்னார்: "சட்டம் செய்ய இன்னும் மூணு வாரம் ஆகும்னாங்க சார். மழை வலுத்தா செம்மண் ரோடு நிக்காது. இப்ப விட்டா அடுத்த வருஷம்தான். கேப்டன் அது வரைக்கும்…" என்று நிறுத்திக்கொண்டார். கேப்டனிடம் பேச வேண்டும் என்றேன். கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார், இரண்டு நாளைக்குப் பேச முடியாது என்றார்.

"ரெண்டு நாள் காத்திருங்களேன்."

"கிரேன் வாடகை ஓடிக்கிட்டிருக்கு சார்."

நவம்பர் 8

உடைந்துவிட்டது.

காலையில் தூக்கினார்கள். நான் பெல்ட்டுக்குக் குறுக்கே போய் நின்றேன். இரண்டு பேர் வந்து என்னை மரியாதையாகக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்கள். முதலில் அது எழுந்தது. எழுந்ததை நானே பார்த்தேன். இடுப்பளவு உயரம் எழுந்து, அடியிலிருந்து சேறு சொட்ட, அந்தரத்தில் நின்றது. ஒப்பந்தக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. பழைய துணியைக் கிழிப்பது போல. நடுவில் ஒரு கோடு விழுந்து, கோடு வாயாகி, பின்பாதி அப்படியே கீழே உட்கார்ந்தது. முன்பாதி பெல்ட்டில் சுற்றிக்கொண்டு தொங்கியது.

உடைந்த இடத்தில் உள்சுவர் வெளியே தெரிந்தது. அடுப்புப் புகை படிந்த கறுப்பு. அதற்குப் பக்கத்தில் சுண்ணாம்பில் வரைந்த பிள்ளையார்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, அவர்கள் வரவில்லை என்று நினைத்தேன். பிறகு பாய் கையைக் காட்டினார். கழிக்கு அக்கரையில் கன்னியம்மா தண்ணீருக்குள் நின்றிருந்தாள், கழுத்தில் பறியோடு. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து இறால் தடவ ஆரம்பித்தாள்.

நவம்பர் 11

கேப்டன் வந்தார். ஒரு கண்ணில் கட்டு. தடியை ஊன்றிச் செம்மண் பாதையில் மெதுவாக நடந்து போய், முன்கதவின்மேல் கை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. நான் பின்னால் நின்றேன். என்ன சொல்வார் என்று பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இந்தக் கதவு மட்டும் முழுசா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"இதை மட்டும் எடுத்துக்கலாம். உள்ள வரும்போது ஜனங்க இதுமேல நடந்து வரட்டும்."

சாயங்காலம் கேஸ் வைத்து வெட்டினார்கள். மிச்சம் இரும்புக்காரருக்கு. அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "செய்யணும், செய்யணும்" என்றார் கேப்டன். கார் கதவை மேனேஜர் சாத்தினார்.

நவம்பர் 12

வேலை முடிந்தது என்று ஆபீஸிலிருந்து சொன்னார்கள். நன்றி சொன்னார்கள். கதவுக்குப் பக்கத்தில் வைக்கிற பலகைக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள்.

எழுதித் தரவில்லை.

நவம்பர் 14

மரத்தூள் கொட்டகை. தரையில் ஈரம் ஊறுகிறது. சடையனுக்குத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். ஐஸ் கம்பெனிக்காரர் பாயிடம் முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறார்.

கன்னியம்மா என்னிடம் பேசினாள், அன்றைக்கு டீ வைக்கச் சொன்னதற்குப் பிறகு முதல் தடவையாக.

"அந்தப் பின்பாதி சும்மாதான கெடக்கு சார்? அதுல தார்ப்பாயப் போட்டுக்கிட்டு இருந்துக்கலாமா? யாரக் கேக்கணும்?"

அது விற்றாகிவிட்டது என்றேன்.

"அப்டியா" என்றாள்.

நவம்பர் 16

புயல் எச்சரிக்கை. அவர்களைப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். சுகந்தி போனில் அழுதாள். கடைசி பஸ்ஸில் கிளம்பி வரச் சொன்னாள். வந்துவிட்டேன்.

நவம்பர் 19

வீடு. பாயின் போன் கிடைக்கவில்லை.

நவம்பர் 23

கிடைத்தது. புயலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொட்டகையின் கூரை மட்டும் போய்விட்டது. கட்டடத்திலிருந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்களாம். கன்னியம்மா குடும்பத்தார் படகுத்துறையில் இரண்டு நாள் இருந்தார்களாம். மூன்றாம் நாள் காணோம்.

"எங்க போனாங்க பாய்?"

"செங்கல் சூளைக்கு ஆள் எடுக்க மேஸ்திரி ஒருத்தன் வந்தான் சார். முன்பணம் குடுத்து வேன்ல ஏத்திட்டுப் போயிட்டான். எந்தச் சூளைன்னு கேட்டேன். பண்ருட்டிப் பக்கம்னான்."

டிசம்பர் 6

பண்ருட்டிக்கு மேற்கே, முந்திரிக்காட்டைத் தாண்டினால் சூளைகள்தான். இன்று நான்கு இடத்தில் கேட்டேன். இல்லை என்றார்கள். கேட்டாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்ஜிஓவா என்கிறார்கள்.

டிசம்பர் 7

இல்லை.

டிசம்பர் 20

மறுபடி போனேன். சுகந்தி கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவளிடம் இதுவரை எதையும் முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9

பார்த்துவிட்டேன்.

சாலையிலிருந்து தள்ளி, ஏரிக்கரை ஓரத்துச் சூளை. வரிசை வரிசையாகப் பச்சைக் கல் காய்ந்துகொண்டிருந்தது. செண்பகம்தான் முதலில் கண்ணில் பட்டாள். அச்சில் மண்ணை அடித்துத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சேறு. என்னைப் பார்த்தாள், வேலையை நிறுத்தவில்லை.

சடையன் அரை நிழலில் உட்கார்ந்து காய்ந்த கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "சார்!" என்று முகம் மலர்ந்தது அவருக்கு. "சாப்டீங்களா?" இருமல் கூடியிருக்கிறது. உதட்டில் செம்மண் தூசி.

ஆள் உயரம்கூட இல்லாத ஒரு கல் அடுக்குக் குடிசையிலிருந்து கன்னியம்மா குனிந்து வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"இங்க எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?"

"விசாரிச்சுக்கிட்டே வந்தேம்மா."

பையில் பழமும் சடையனுக்கு இருமல் மருந்தும் இருந்தன. வாங்கிக்கொள்ளாமல் நின்றாள். இங்கே இருக்க வேண்டாம், முன்பணம் கொடுத்து இப்படிப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம், ஒரு மனு எழுதினால் அதிகாரிகளே வந்து மீட்டுவிடுவார்கள், மீட்கப்பட்டவர்களுக்கு விடுதலைச் சர்ட்டிபிகேட்கூடக் கிடைக்கும் என்று வேகமாகச் சொன்னேன். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். படித்துப் பார்த்துத்தான் சொன்னேன், இந்தத் தடவை.

அவள் கடைசி வரை கேட்டாள்.

"எழுதிடாதீங்க சார்" என்றாள். "உங்க கால்ல வேணா விழறேன். இங்க இருக்கோம்னு யார்கிட்டயும் எழுதிக் குடுத்துடாதீங்க."

"இல்லம்மா, இது உங்க நல்லதுக்கு…"

"மீட்டுட்டு எங்க சார் வெப்பாங்க?"

பழப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"இவரால நடக்க முடியல. இங்கயாச்சும் ஒக்காந்த எடத்துல வேல. மேல ஓடு போட்டுக் குடுத்துக்கிறான். மழைக்கு முன்னாடி எறங்குன்னு சொல்ல மாட்டான். முன்பணக் கணக்கு தீர்ற வரைக்கும் விடவே மாட்டான்." கடைசி வாக்கியத்தை ஆறுதல் மாதிரி சொன்னாள். "மேஸ்திரி வர்ற நேரம். நீங்க யாருன்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது? கெளம்புங்க சார்."

மருந்தை மட்டும் சடையன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். செண்பகம் அடுத்த கல்லைக் கவிழ்த்தாள்.

சாலைக்கு வந்து பேருந்து ஏறி உட்கார்ந்ததும் சுகந்தி கூப்பிட்டாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்காங்க?"

சொன்னேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். எழுதக் கூடாது என்று கன்னியம்மா கேட்டுக்கொண்டதையும் சொன்னேன்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

டிரைவர் என்ஜினைப் போட்டார். பேருந்து அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் கேட்காதது போல இருந்துவிட்டேன்.